பில் வந்தது, விளக்கம் எங்கே?

கேட்காதே என்கின்றார்கள்.

சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது எடை சரியா என்று கேட்கலாம். பேருந்தில் மீதிச் சில்லறை கேட்கலாம். சம்பள நாளன்று, இந்தப் பிடித்தம் எதற்கு என்று மேலாளரையே கேட்கலாம். அந்தத் துணிவைத் தொழிற்சங்கம் நமக்குத் தந்திருக்கின்றது. ஆனால் மருத்துவமனைச் சன்னலின் வழியே நீட்டப்படும் காகிதத்தை மட்டும் கேட்காதே! கைகட்டு, வாய்பொத்து, காசைக் கட்டு! ஏனெனில், உள்ளே படுத்திருப்பது உன் குழந்தை. கேள்வி கேட்டால் முகம் சுளிப்பார்களோ, அடுத்தமுறை போனால் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்று தாயின் வயிறு கலங்குகின்றது. அந்தக் கலக்கம்தான் அவர்களுக்கு முதலில்லா மூலதனம்! ஈட்டிக்காரன் பாத்திரத்தை அடகு கேட்டான். பத்திரத்தை அடகு கேட்டான். இவர்களோ பெற்றவள் அச்சத்தையே அடகாக வாங்கிக்கொள்கின்றார்கள்.

அணைக்கட்டு வட்டாரத்திலிருந்து ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலைக்குப் போய்வரும் தோழர் ஒருவர் அண்மையில் ஒரு பில்லைக் கொண்டுவந்து நம் முன் வைத்தார். நான்கு வயது மகள். ஞாயிற்றுக்கிழமை இரவு. உடம்பு அனலாய்க் கொதிக்கின்றது. தனியார் மருத்துவமனை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். (ஊரையும் பெயரையும் நாம் எழுதப்போவதில்லை, இஃது ஒரு கட்டடத்தின் கதை அன்று.) டாக்டர் பீஸ் 300 ரூபாய் என்றார்கள் வாசலில். சட்டைப்பையில் 700 இருந்தது. துணிந்து உள்ளே போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் கையில் திணிக்கப்பட்ட பில்லின் தொகை 2,340 ரூபாய்!

பதிவுக்கு 100. டாக்டருக்கு 300. அவசர சேவைக்கு 500. கண்காணிப்புக்கு 400. இரத்தப் பரிசோதனைக்கு 650. நெபுலைசர் என்று 250. இதர பொருள்கள் என்று 140. கூட்டிப் பாருங்கள், கணக்கு ஒரு காசு பிசகாது. கூட்டலில் அவர்கள் கெட்டிக்காரர்கள்! குறை கூட்டலில் இல்லை, கூட்டப்பட்டதில் இருக்கின்றது.

"இன்னாங்க இது? கொழந்தைக்கு மூஞ்சில மாஸ்க்கே வெக்கலியே, அதுக்கு எப்டி எரநூத்தம்பது?" என்று கேட்டார் தோழர்.

"சிஸ்டத்துல வந்துடுச்சுங்க. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றது சன்னல்.

சிஸ்டத்தில் வந்துவிட்டதாம்! சோளக்கொல்லையில் காட்டுப்பன்றி வந்துவிட்டது போல, ஆளில்லாத நேரத்தில் பில்லுக்குள் ஒரு தொகை தானாகப் புகுந்துவிட்டதாம்! தோழர் நகரவில்லை. சன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அரைமணி நேர வாதத்திற்குப்பின் அந்த 250 ரூபாயை அடித்துக்கொடுத்தார்கள். மீதியை உறவுக்காரரை எழுப்பி, கைப்பேசியில் பணம் அனுப்பச்சொல்லிக் கட்டிவிட்டு வந்தார். கேட்டவருக்கு 250 குறைந்தது. அன்று இரவு அதே சன்னலுக்கு முன் நின்று, கேட்காமல் கட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய குழந்தைகளின் மூக்கில் வைக்கப்படாத மாஸ்க்குகள் எத்தனை?

மாதம் 14,000 ரூபாய் வாங்குகின்ற தொழிலாளிக்கு, 26 வேலை நாள் என்று வகுத்தால், நாள் கூலி 538 ரூபாய். ஆக அந்த 2,340 என்பது நான்கு நாள் தோலோடும் சுண்ணாம்போடும் போராடி, ஐந்தாம் நாளும் சிறிது நேரம் நின்று சம்பாதித்த தொகை. ஓர் இரவுக் காய்ச்சலுக்கு!

இரத்தப் பரிசோதனையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. டெங்கு உலவுகின்ற காலத்தில் காய்ச்சல் குழந்தைக்குப் பரிசோதனை தேவைப்படலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் படித்த மருத்துவரே அன்றி நாம் அல்லோம். நள்ளிரவில் எழுந்து வருகின்ற மருத்துவர் கூடுதலாக ஐந்நூறு கேட்டாலும் அதை அநியாயம் என்று ஒரேயடியாகக் கூறிவிட மாட்டோம். தூக்கம் கெட்டு உழைப்பவனுக்குக் கூடுதல் கூலி வேண்டும் என்று ஆலை வாசலில் முழங்குகின்ற நாம், மருத்துவருக்கும் செவிலியருக்கும் அந்த நியாயத்தை மறுக்க முடியுமா? நாம் கேட்பது வேறு. அந்த 500 ரூபாயை வாசலில் ஏன் சொல்லவில்லை? 300 என்று சொல்லி உள்ளே அழைத்து, 2,340 என்று சொல்லி வெளியே அனுப்புவதற்கு என்ன பெயர்? மளிகைக் கடைக்காரர் இப்படிச் செய்தால் ஊர் என்ன பெயர் வைக்கும்?

இது நம் ஆத்திரத்தில் பிறந்த கேள்வி அன்று. மருத்துவர்களின் ஒழுக்க விதிகளே இதைத்தான் கூறுகின்றன. 2002ஆம் ஆண்டில் இந்திய மருத்துவக் கவுன்சில் வகுத்த தொழில் ஒழுக்க விதிகள் இன்றும் நடைமுறையில் இருப்பவை. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்து, மருத்துவர்களின் எதிர்ப்பைக் கண்டு அதே மாதத்தில் நிறுத்தி வைத்து, பழைய விதிகளே செல்லும் என்று அறிவித்தது. அந்த விதிகள் என்ன சொல்கின்றன? மருத்துவர் தம் கட்டணத்தைத் தம் அறையிலோ, தாம் சென்று பார்க்கும் மருத்துவமனையிலோ தெளிவாக எழுதி வைக்க வேண்டும். சேவைக்கான தொகை இவ்வளவு என்பதை நோயாளியிடம் அறிவிக்க வேண்டும். மருந்துச் சீட்டில் பெயரும் பதிவு விவரமும் இருக்க வேண்டும். மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும். நோயாளியை அனுப்பி வைத்ததற்காகக் கமிஷன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. படித்துப் பாருங்கள் தோழர்களே, புரட்சிக்காரன் எழுதிய துண்டறிக்கை போல இருக்கின்றது! ஆனால் எழுதி வைத்தவர்கள் எங்கே எழுதி வைத்தார்கள்? ஆங்கிலத்தில், புத்தகத்தில், அலமாரியில். அதைத் தமிழில், பலகையில், வாசலில் எழுத வைப்பதுதான் நம் வேலை.

ஏழைத் தொழிலாளி மட்டும்தான் இந்தச் சன்னலில் ஏமாறுகின்றான் என்று எண்ணிவிட வேண்டாம். 2017ஆம் ஆண்டு, தலைநகர் டில்லிக்குப் பக்கத்தில் குருகிராமத்தில், போர்டிஸ் மருத்துவமனையில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி டெங்குவால் சேர்க்கப்பட்டாள். ஏறத்தாழ இரண்டு வாரச் சிகிச்சை. பிழைக்கவில்லை. பெற்றோர் கையில் தரப்பட்ட பில், ஏறத்தாழ 16 இலட்சம் ரூபாய்! அந்த அறிவுள்ள பெற்றோர், அழுது ஓய்ந்தபின், பில்லைப் பக்கம் பக்கமாகப் படித்தார்கள். ஊசிக்குழல் 660. கையுறை 2,700. ஒரு சின்னஞ்சிறு உடம்புக்கு! நவம்பரில் அந்தப் பில் ஊருக்குத் தெரிந்தது, நாடு கொதித்தது, அரியானா அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. அதற்குப் பிறகுதான் மருந்து விலைகளைக் கவனிக்கின்ற தேசிய ஆணையம் டில்லி வட்டாரத்து மருத்துவமனைகள் நான்கின் பில்களைக் குடைந்து பார்த்து, 2018 பிப்ரவரியில் ஓர் உண்மையை வெளியிட்டது. மருந்திலும் ஊசிக்குழல் போன்ற பொருள்களிலும் மருத்துவமனைகள் வைத்த இலாபம், சிலவற்றில் 1,737 விழுக்காடு வரை! ஒரு ரூபாய்க்கு வாங்கியது பதினெட்டு ரூபாய்க்கு விற்றது போல. கந்துவட்டிக்காரன்கூடக் காதைப் பொத்திக்கொள்வான்!

அந்த உண்மையை வெளியே இழுத்துப் போட்டது எது? நாடாளுமன்றமா? அமைச்சரவையா? விவரமாக எழுதப்பட்ட ஒரு பில்லும், அதைப் படித்துப் பார்த்த ஒரு குடும்பமும்தான்.

நம் வள்ளுவர் மருந்துக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார், 95ஆவது அதிகாரம். அதன் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்தார்: நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவன். நான்கே நான்கு! ஐந்தாவதாகப் பில் போடுபவன் வருவான் என்று அந்தப் பெருமகனுக்குத் தோன்றவில்லை. இன்றோ முதல் நான்கும் ஐந்தாமவனுக்குக் கைகட்டி நிற்கின்றன.

இனி, நம் தொழிலாளி ஏன் அந்தச் சன்னலுக்குப் போனார் என்ற கேள்விக்கு வருவோம். இங்கேதான் விஷயம் கனமானது.

அவர் சும்மா விடப்பட்டவர் அல்லர். இ.எஸ்.ஐ. அட்டை அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றது! 1948ஆம் ஆண்டுச் சட்டமாகப் பிறந்து, 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கப்பட்டு, பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திற்குள் சேர்க்கப்பட்ட திட்டம் அது. 2019 சூலை முதல் கணக்கு இதுதான்: தொழிலாளியின் ஊதியத்தில் 0.75 விழுக்காடு அவர் பங்கு, 3.25 விழுக்காடு முதலாளி பங்கு. 14,000 ரூபாய் ஊதியத்திற்கு இவர் தருவது மாதம் 105 ரூபாய். முதலாளி கட்ட வேண்டியது 455 ரூபாய். சேர்த்தால் மாதம் 560. ஆண்டுக்கு 6,720 ரூபாய்! முதலாளி கட்டுவதும் நம் வியர்வையிலிருந்து வந்ததுதான் என்று தனியே விளக்க வேண்டியதில்லை. ஆக, குழந்தைக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே 6,720 ரூபாய் கட்டிவிட்டுத்தான் அவர் அன்றிரவு 2,340 ரூபாய்க்கு ஆள் தேடினார். ஒரே மருத்துவத்திற்கு இருமுறை விலை! திரையரங்கில் டிக்கட் வாங்கியவனை வாசலில் நிறுத்தி இன்னொரு டிக்கட் கேட்டால் கொட்டகை சும்மா இருக்குமா?

அட்டை இருக்கின்றதே, ஏன் போகவில்லை? இப்படிக் கேட்பவர்களைப் பள்ளிகொண்டாவிலோ ஒடுகத்தூரிலோ ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு, கையில் கொதிக்கும் குழந்தையோடு நிற்கவைக்க வேண்டும்! இ.எஸ்.ஐ. மருந்தகம் அலுவலக நேரத்திற்குத் திறப்பது. தொழிலாளி ஷிப்டில் இருக்கும்போது அது திறந்திருக்கும், அவர் திரும்பும்போது அது பூட்டியிருக்கும். வேலூரில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு, அடுக்கம்பாறையில் 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு. இரண்டும் நம்முடையவை. ஆனால் அந்த நேரத்தில் பேருந்து? ஆட்டோ கேட்கும் வாடகை? 108 ஆம்புலன்ஸ் 2008ஆம் ஆண்டு முதல் ஓடுகின்றது. உயிர் போகும் நிலைக்கு அதைக் கூப்பிடலாம் என்று மக்களுக்குத் தெரியும். "வெறும் காய்ச்சலுக்கு" கூப்பிடக் கூச்சம். அந்தக் கூச்சத்திற்கும் காய்ச்சலுக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் தனியார் விளக்குப் பலகை எரிகின்றது.

அவசரத்தில் வெளியே கட்டிய பணத்தை இ.எஸ்.ஐ.யிடம் திரும்பக் கேட்க வழி உண்டு என்பதும் பல தோழர்களுக்குத் தெரியாது. அதற்கும் வேண்டியது எது? விவரமான பில்! மருத்துவமனைகள் "மொத்தம் இவ்வளவு" என்று துண்டுச் சீட்டு எழுதித் தரும்போது, நம் பணத்தை மட்டுமல்ல, அதைத் திரும்பப் பெறும் உரிமையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கின்றார்கள்.

அட்டையுள்ளவர் நிலை இது. அட்டையே இல்லாதவர்? ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஷூவின் மேல்தோலை ஊசியால் தைக்கின்ற பெண்கள் எத்தனை ஆயிரம்! ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தச் செருப்பு ஐரோப்பாவில் ஏறி நடக்கின்றது. தைத்தவள் பெயர் எந்தத் தொழிற்சாலைப் பேரேட்டிலும் இல்லை; ஆகவே இ.எஸ்.ஐ.யும் இல்லை. அவள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எத்தனை ஜோடி தைக்க வேண்டும் 2,340 ரூபாய்க்கு? முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அவளிடம் இருக்கலாம். கலைஞர் 2009ஆம் ஆண்டு தொடங்கிவைத்த காப்பீட்டின் வழியில் வந்தது அது. பெரிய அறுவைச் சிகிச்சைகளில் ஏழையைக் காத்தது. ஆனால் அது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்க்கே உதவும். புறநோயாளியாக வந்து மருந்து வாங்கிப்போகும் காய்ச்சல் குழந்தைக்கு அதில் இடம் இல்லை. இதயத்தைத் திறந்தால் காப்பீடு, இருமலுக்கு இல்லை! ஏழையின் வீட்டை ஆண்டு முழுவதும் அரிப்பதோ இருமல்தான்.

மலைமேல் உள்ளவர் நிலையைச் சொல்லவே நா கூசுகின்றது. 2023 மே மாதம், இதே அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில், ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு தீண்டியது. சாலை இல்லை. மருத்துவமனை சேருமுன் உயிர் போயிற்று. உடலைக் கொண்டுசென்ற ஆம்புலன்சும் மலையடியோடு நின்றது. பெற்றவர்கள் பிள்ளையின் உடலைக் கையில் சுமந்து மலையேறினார்கள். அவர்களுக்குப் பில் வரவில்லை. பில் வருவதற்குக்கூட ஒரு சாலை வேண்டும்!

இத்தனையும் எந்த மாவட்டத்தில்? 1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கட்டர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவப் பணி, சி.எம்.சி.யாக வளர்ந்து, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மக்கள் இரயிலேறி வருகின்ற வேலூரில்! தந்தை பெரியார் 1973 டிசம்பர் 24ஆம் நாள் தம் இறுதி மூச்சை விட்ட மருத்துவமனையும் அதுவே. உலகம் வைத்தியத்திற்குத் தேடி வரும் ஊரில், உள்ளூர்த் தொழிலாளி ஓர் இரவுக் காய்ச்சலுக்குக் கடன் வாங்குகின்றான்.

பாலாற்றின் கதையை இங்கே விரித்தால் பக்கம் போதாது. ஒன்று மட்டும்: தோல் கழிவால் கெட்ட ஆற்றுக்காக உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில், கெடுத்தவனே விலை தர வேண்டும் என்று தீர்ப்புரைத்தது, 2025 சனவரியில் மறுபடியும் அதே ஆற்றுக்காகக் கண்டிக்க வேண்டிவந்தது. கெடுத்தவன் விலை தருகின்றானோ இல்லையோ, அந்தத் தண்ணீரைக் குடித்தவன் மருத்துவமனைச் சன்னலில் தந்துகொண்டுதான் இருக்கின்றான்.

"மருத்துவத்திற்கு விலை கட்ட முடியுமா? கலை அல்லவா, சேவை அல்லவா?" என்று கேட்கின்ற கனவான்கள் உண்டு. முடியும் ஐயா! 2017 பிப்ரவரியில் இதயக்குழாயில் வைக்கும் ஸ்டென்டுக்கு உச்ச விலை வைத்தார்கள். இலட்சத்திற்கு மேலும் விற்றது, மருந்து பூசியது 29,600 ரூபாய் என்றும், பூசாதது 7,260 ரூபாய் என்றும் இறங்கிற்று. வானம் இடிந்து விழவில்லை. 2020 சூனில், கொரோனாக் காலத்தில், தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளுக்கு அரசு உச்சக் கட்டணம் அறிவித்தது. தீவிர சிகிச்சைக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய் என்று. பெருநோய்க்கு முடிந்தது, பிள்ளைக் காய்ச்சலுக்கு ஏன் முடியாது?

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் 1997ஆம் ஆண்டிலேயே வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது எப்போது? 2018இல்! இருபத்தோர் ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து, பள்ளி முடித்து, ஓட்டுப் போடும் வயதைக் கடந்துவிட்டது, விதி பிறக்குமுன். அந்த ஆண்டுகளில் இரு கழகங்களும் மாறி மாறி ஆண்டன. கோட்டையில் யார் அமர்ந்தாலும் இதைக் கேட்டே தீரவேண்டும். கொடி பிடிப்பவன் கேட்கவில்லை என்றால் வேறு யார் கேட்பார்கள்? மருத்துவமனைக்குள் இருக்கும் மருந்துக்கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றார்கள் என்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில், மாநில அரசுகள் இதில் கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது. ஆக, பந்து மாநிலங்களின் காலடியில் கிடக்கின்றது.

வெளிநாட்டைப் பார்ப்போம். வேல்சு நாட்டில் திரெடிகர் என்ற சுரங்க ஊர். அங்கே நிலக்கரித் தொழிலாளர்கள் கூலியில் சில காசு பிடித்துச் சங்கம் வைத்து, மருத்துவர்களை அமர்த்தி, குடும்பத்திற்கே வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஊரில் பிறந்து, சிறுவயதிலேயே சுரங்கத்தில் இறங்கிய அனூரின் பெவன், பின்னாளில் அமைச்சராகி, 1948 சூலை 5ஆம் நாள் பிரிட்டன் முழுமைக்கும் கட்டணமில்லா மருத்துவத்தைக் கொண்டுவந்தார். நம் இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்த அதே ஆண்டு! 1951இல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வைக்கத் தன் கட்சி அரசே துணிந்தபோது, பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தார் அந்தச் சுரங்கத் தொழிலாளி. பணமே தெய்வம் என்னும் அமெரிக்காவில்கூட, 2022 சனவரி முதல் ஒரு சட்டம்: காப்பீடு இல்லாதவர்க்குச் சிகிச்சைக்கு முன்பே செலவு மதிப்பீட்டை எழுதித் தர வேண்டும், பில் அதைவிட 400 டாலர் மிஞ்சினால் எதிர்த்து முறையிடலாம். வாசலில் 300 என்று சொல்லி உள்ளே 2,340 போடும் வித்தை அங்கே இனிச் சுலபமில்லை.

இனிச் செய்ய வேண்டியதைப் பேசுவோம். உள்ளே நுழையும்போதே, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். கைப்பேசியில் கட்டணப் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலகை இல்லை என்றால் பலகை இல்லாத சுவரை எடுத்துக்கொள்ளுங்கள்! வெளியே வரும்போது வகைவகையாக எழுதிய பில் வாங்காமல் நகராதீர்கள். மருத்துவர் பார்த்ததற்கு ஜி.எஸ்.டி. போட்டிருந்தால் தட்டிக் கேளுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு அந்த வரி கிடையாது. மருந்து அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு காசு வாங்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. சன்னலில் நியாயம் கிடைக்கவில்லையா? மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநருக்கு ஒரு மனு. மருத்துவர் நடத்தை பற்றியது என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு ஒரு மனு. காசு கட்டிப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்திற்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பர் 13ஆம் நாள் தீர்ப்பளித்துவிட்டது. 1915 என்ற எண்ணில் முறையிடலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும், வக்கீலும் கட்டாயமில்லை.

தனியாள் மனு குப்பைக்கூடை போகும் என்பது உண்மைதான். ஆகவே கிளைக் கழகத் தோழர்களுக்கும் தொழிற்சங்கத் தோழர்களுக்கும் கூறுகின்றோம்: படிப்பகத்தில் ஒரு கோப்பு வையுங்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், எந்த ஊராயினும், ஒவ்வொரு பில்லின் நகலும் அதில் சேரட்டும். ஒரே மருத்துவமனையின் பில்கள் இருபது சேர்ந்தால், போடாத நெபுலைசர் எத்தனை முறை வந்திருக்கின்றது என்று நாமே எண்ணலாம். அந்தக் கோப்போடு இரண்டு கோரிக்கைகளை இணைத்து மாவட்ட ஆட்சியரிடம் போவோம். ஒன்று, ஒவ்வொரு தனியார் மருத்துவ நிலையத்தின் வாசலிலும் தமிழில் கட்டணப் பலகை: பகலுக்கு எவ்வளவு, இரவுக்கு எவ்வளவு, ஊசிக்கு எவ்வளவு என்று. இரண்டு, ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளிக்காக இரவிலும் திறந்திருக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகம், குழந்தை மருத்துவரோடு, நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவில். 6,720 ரூபாய் ஆண்டுதோறும் கட்டுகின்றோம். இடம் எது என்று சொல்லும் உரிமையாவது நமக்கு உண்டு.